ஒற்றைத் தண்டும் காந்தச் சுருளும்: நெக்-த்ரூ பேஸ் கிட்டார் உருவான கதை

நேயர்களுக்கு வணக்கம்.

தாழ்ந்த சுரங்களுக்கான மின்சார பேஸ் கிட்டார் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இது நெக்-த்ரூ, நாதம் நீண்டு நிற்கும்" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே விலையும் கணிசமாக ஏறிவிடும். அப்பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நெக்-த்ரூ பேஸ் கிட்டாருக்கு உரியது என்று நாம் கேட்டுப் பழகிய ஒலியில் பெரும்பங்கு மரத்தின் கொடையன்று. தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும், தந்திகளை ஒட்டி அமைந்த பிக்கப்பும் அது அமைந்த இடமும் தந்தது என்பதே என் துணிபு. மரவேலையும் காந்தச் சுருளும் இந்தக் கருவியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் ஒரே பட்டறையில் சந்தித்துக்கொண்டதால், எதனால் எது விளைந்தது என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. அந்தச் சந்திப்புகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கிட்டாரின் நெக்கை, அதாவது விரல்கள் தந்தியை அழுத்தும் கழுத்துப் பகுதியை, உடலோடு சேர்க்க மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. திருகுகளால் முடுக்குவது ஒன்று; பள்ளம் செதுக்கிப் பசையிட்டு இறுக்குவது மற்றொன்று. மூன்றாவதான நெக்-த்ரூ முறையில் சேர்ப்பு என்பதே கிடையாது. சுருதி கூட்டும் சாவிகள் உள்ள தலைப்பகுதி தொடங்கித் தந்திகள் முடியும் அடிமுனை வரை ஒரே மரத்தண்டு ஓடுகிறது. உடல் என்று நம் கண்ணுக்குத் தெரிவது அத்தண்டின் இருபுறமும் ஒட்டப்பட்ட இரண்டு இறக்கைகள் மட்டுமே. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையை ஒட்டு வீணையைவிட மேலாக மதிக்கும் நமக்கு இந்த எண்ணம் புதியதன்று. உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் அந்த நடுத்தண்டின்மீதே அமர்வதால், தந்தி கட்டப்பட்ட இரு முனைகளுக்கும் இடையே மூட்டு எதுவும் குறுக்கிடுவதில்லை.

இந்த எண்ணம் பேஸ் கிட்டாரில் பிறந்ததன்று. 1931ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்ற ஹவாய் கிட்டார் கலைஞர், பால் பார்த் என்பவரின் துணையோடு, தந்தியின் அதிர்வை நேரடியாக மின் அலையாக மாற்றும் அமைப்பு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதைப் பொருத்திப் பார்ப்பதற்காக ஹாரி வாட்சன் என்ற கைவினைஞர் ஒரே மேப்பிள் மரத்துண்டில் நெக்கையும் சிறிய வட்டமான உடலையும் சேர்த்தே செதுக்கிக் கொடுத்தார். மறு ஆண்டு, சுவிட்சர்லாந்தில் பிறந்த வார்ப்புத் தொழில் வல்லுநரான அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் கூட்டுறவில், அந்தக் கருவி அலுமினியத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதன் வடிவத்தைப் பார்த்து மக்கள் அதற்கு 'ஃப்ரையிங் பேன்', அதாவது வாணலி என்று பெயரிட்டுவிட்டார்கள். நெக் வேறு உடல் வேறு என்ற பிரிவே அதில் இல்லை.

அதில் இருந்த பிக்கப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குதிரை லாடம் போல் வளைந்த இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று நோக்கியபடி தந்திகளுக்கு மேலே வில்லாக நிற்கும். தந்திகளுக்குக் கீழே, மெல்லிய தாமிரக் கம்பி பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட சுருளும், அதன் நடுவே ஒவ்வொரு தந்திக்கும் ஒன்றாக இரும்பு முனைகளும் இருக்கும். எனவே எஃகுத் தந்திகள் காந்தப்புலத்துக்கு மேலே செல்லாமல் அதன் ஊடே செல்கின்றன. தந்தி அதிரும்போது சுருளின் வழியே பாயும் காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பீச்சம் 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1937இல் பெற்றார். இன்றுள்ள காந்த பிக்கப்புகளில் காந்தம் தந்திகளுக்கு அடியில் இறங்கிவிட்டது. செயல்படும் விதம் மாறவில்லை.

அலுமினியத்துக்கு ஒரு குறை இருந்தது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் அது விரிய, சுருதி நழுவியது. ஆகவே 1935இல் அதே நிறுவனம் பேக்கலைட் என்னும் செயற்கைப் பொருளில், நெக்கைத் திருகிக் கழற்றும்படியான கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தது. மூட்டில்லாக் கருவியோடு தொடங்கியவர்களே திருகு மூட்டையும் முன்னோடியாகச் செய்து பார்த்தார்கள் என்பதை நெக்-த்ரூ பக்தர்கள் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அவர்களோடு பணியாற்றிய டாக் காஃப்மன், பின்னாளில் லியோ ஃபெண்டரின் முதல் கூட்டாளியாக ஆனார்.

கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும், வீணையின் மெட்டுப் போன்ற ஃப்ரெட் வைத்த மின்சார பேஸை 1930களின் நடுவிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் தமது ஆடியோவாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் செய்து விற்றார், அது பரவலாகவில்லை. பரவியது 1951இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தொழில் பழகியவர். கெட்டுப்போன பகுதியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதே அவருக்கு இயல்பான வழி. அவருடைய பேஸில் நெக் திருகுகளால் முடுக்கப்பட்டது. உற்பத்தி விரைவாக நடந்தது, விலை அடங்கியது, பழுதுபார்ப்பும் எளிதாயிற்று. நாதத்தின் நீளம் போதாது என்று அன்றைக்கு எவரும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

இடையே கலிபோர்னியாவின் டவுனி நகரில் பால் பிக்ஸ்பி, நாட்டுப்புற இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காக 1948இல் நெக்-த்ரூ முறையில் ஒரு திட உடல் கிட்டாரைச் செய்து கொடுத்திருந்தார். அது ஒரு கலைஞருக்காகத் தனியே செய்யப்பட்ட கருவி. தொழிற்சாலையில் தொடர்ந்து உற்பத்தியான முதல் நெக்-த்ரூ பேஸ் என்றால் அது 1957இல் வந்த ரிக்கன்பேக்கர் 4000தான்.

ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1953இல் எஃப். சி. ஹாலின் கைக்கு மாறியிருந்தது. மறு ஆண்டு அங்கே சேர்ந்தவர் ஜெர்மானியரான ரோஜர் ரோஸ்மைஸில். தந்தையும் கிட்டார் செய்பவர். மகனுக்கு மரத்தின்மீது இருந்த பிடிப்பு ஃபெண்டரின் தொழிற்சாலைக் கணக்கோடு ஒத்துப்போகாதது. 1956இல் காம்போ 400 என்ற கிட்டாரை நெக்-த்ரூ முறையில் வடிவமைத்தார். அடுத்த ஆண்டே அதே முறை பேஸுக்கு வந்தது. அலைபோல் வளைந்த கொம்புகள், 33 கால் அங்குலத் தந்தி நீளம், தலை முதல் அடி வரை ஒரே தண்டு, பீச்சம் காலத்துக் குதிரைலாட பிக்கப் ஒன்று. மூட்டில்லா உடலும் தந்தியைச் சூழ்ந்த காந்தமும் கால் நூற்றாண்டுக்குப் பின் பேஸ் கிட்டாரில் ஒன்றாக வந்து அமர்ந்தன.

1961இல் வந்த 4001இல் நெக்கின் அருகே இரண்டாவது பிக்கப்பும் சேர்ந்தது. இந்தக் கருவியின் புகழ்பெற்ற ஒலி, அதாவது கணீரென்ற மேல் சுரங்களோடு பியானோவின் கீழ்க்கட்டைகளை நினைவூட்டும் அந்த ஒலி, நெக்-த்ரூவால் வருகிறது என்றே பலரும் எழுதிவிட்டார்கள். உள்ளே திறந்து பார்த்தால் வேறொன்று தென்படும். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பின் பாதையில் 0.0047 மைக்ரோஃபாரட் அளவுள்ள சிறு மின்தேக்கி ஒன்று வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். தாழ்ந்த அதிர்வெண்களை அது பெருமளவு தடுத்து, மேல் அதிர்வெண்களை விட்டுவிடும். பேஸின் தடித்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் நொடிக்கு 41. அதை வடிகட்டிவிட்டால் எஞ்சுவது வெண்கலக் கணீர்தான். சில காசு பெறுமானமுள்ள அந்த மின்தேக்கியைக் கழற்றியதும் அதே மரம், அதே நெக்-த்ரூ, முற்றிலும் வேறு குரலில் பேசுவதை வாசிப்பவர்கள் அறிவார்கள்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1965இல் இதன் இடக்கை வடிவத்தைப் பெற்றார். யெஸ் இசைக்குழுவின் கிறிஸ் ஸ்க்வையர் தம் ரிக்கன்பேக்கரின் இரு பிக்கப்புகளையும் பிரித்துத் தனித்தனிப் பெருக்கிகளுக்கு அனுப்பினார். அவர் ஒலியின் கதை பெரும்பாலும் கம்பி இணைப்பின் கதை.

பிக்கப் இருக்கும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? தந்தி ஒரே அதிர்வாக அதிர்வதில்லை. முழு நீளமாகவும், இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிந்தும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அவ்வாறு பிரியும்போது இடையிடையே அசையாப் புள்ளிகள் உண்டாகின்றன. பிக்கப் தன் எதிரே அசைவதை மட்டுமே அறியும். திறந்த தந்தியின் நீளத்தில் பிரிட்ஜிலிருந்து சரியாகக் கால் பங்கு தூரத்தில் பிக்கப்பை வைத்தால், நான்காகப் பிரிந்து அதிரும் மேல்சுரத்தின் அசையாப் புள்ளி அதன் நேர்மேலே விழும். அந்த மேல்சுரம் தந்தியில் எவ்வளவு வலுவாக ஒலித்தாலும் பெருக்கிக்குப் போய்ச் சேராது. 1970களின் தொடக்கத்தில் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் மட்டும் பின்னே நகர்ந்தது. அந்தச் சிறு நகர்வைக் காதால் அடையாளம் காணும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் 4001இன் நெக் பிக்கப்பும் அரை அங்குலம் இடம் மாறியது. பழைய கருவிகளைத் தேடி வாங்குபவர்கள் முதலில் அளந்து பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.

அப்படியானால் மரம் என்னதான் செய்கிறது? நெக் சற்றே வளையக்கூடிய நீண்ட தண்டு. அதற்கென்று இயற்கையான அதிர்வெண்கள் உண்டு. ஏதாவதொரு சுரம் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால், தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்ள, அந்தச் சுரம் மட்டும் சட்டென்று அடங்கிவிடும். பல பேஸ் கிட்டார்களில் மெல்லிய தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் இடையே இத்தகைய செத்த இடம் ஒன்று இருக்கும். தண்டு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழப்பு குறையும் அல்லது வேறு இடத்துக்கு நகரும். நெக்-த்ரூவின் பயன் இந்த வழியில்தான் வர முடியும். அதுவும் பல பட்டைகளை நீளவாக்கில் ஒட்டி விறைப்பாகச் செய்தால்தான். மூட்டில்லாத மெலிந்த தண்டைவிட, நன்கு பொருந்தித் திருகிய தடித்த நெக் நீண்டு ஒலிப்பது அரிதன்று. கையை உறுத்தும் மூட்டுப்பகுதி இல்லாததால் உச்ச ஃப்ரெட்டுகளை எளிதில் எட்டலாம் என்பதையே நான் நெக்-த்ரூவின் ஐயமற்ற நன்மையாகச் சொல்வேன்.

கிப்சன் நிறுவனம் 1963இல் தண்டர்பேர்ட் பேஸை நெக்-த்ரூவாக வெளியிட்டது. வரைந்தவர் ஓய்வுபெற்ற மோட்டார் கார் வடிவமைப்பாளர் ரே டீட்ரிக் என்பது அதன் தோற்றத்தைப் பார்த்தாலே தெரியும். செலவு கட்டுப்படியாகாமல் 1965இலேயே பசையிட்ட நெக்குக்கு மாறினார்கள். பின்னோக்கிச் சாய்ந்த அதன் தலைப்பகுதி கீழே விழுந்தால் முறியும் என்பது பழுதுபார்ப்பவர்களின் நிரந்தரப் புலம்பல்.

நெக்-த்ரூவுக்கு உயர்தரக் கைவினை என்ற தகுதியை நிலைநாட்டியது அலெம்பிக் நிறுவனம். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ஒலி அமைப்பை ஒட்டி 1969இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அது தோன்றியது. ரான் விக்கர்ஷம் ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவி நிறுவனத்தில் பணியாற்றிய மின்னணுப் பொறியாளர். அவருடைய மனைவி சூசனும், கிட்டார் செய்பவரான ரிக் டர்னரும் உடன் இருந்தனர். அலெம்பிக்கின் முதல் பேஸ் 1972இல் ஜெபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடிக்காகச் செய்யப்பட்டது. மேப்பிளும் வேறு கடினமரங்களும் வரிவரியாக ஒட்டப்பட்ட நெக், பளபளக்கும் அபூர்வ மரத்தில் இறக்கைகள், பித்தளை பிரிட்ஜ் என்று பார்வைக்கு அது மரச்சிற்பம். ஆனால் உண்மையான புரட்சி விக்கர்ஷமின் சுற்றில் இருந்தது.

சாதாரண பிக்கப்பில் கம்பியைப் பல்லாயிரம் சுற்று சுற்றுவது வலுவான மின் அலை வேண்டும் என்பதற்காக. சுற்று கூடக் கூடச் சுருளின் மின்மறுப்பும், அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மையும், கூடுகிறது. அதன் பின் கிட்டாரிலிருந்து பெருக்கி வரை செல்லும் கேபிளின் மின்தேக்குதிறன் மேல் அதிர்வெண்களை விழுங்கத் தொடங்குகிறது. விக்கர்ஷம் சுற்றுகளைக் குறைத்தார். அதனால் இழந்த வலுவை ஈடுகட்ட, மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கியைக் கிட்டாருக்குள்ளேயே வைத்தார். கேபிள் எவ்வளவு நீண்டாலும் ஒலி மங்கவில்லை. ஒற்றைச் சுருளின் மற்றொரு நோய், மின்கம்பிகளிலிருந்து கிளம்பும் ரீங்காரம். கிப்சனில் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அதை ஒழித்திருந்தார். அதில் ஒலியின் தெளிவு சற்றுக் குறையும். விக்கர்ஷம் இரு பிக்கப்புகளுக்கும் நடுவே காந்தமே இல்லாத மூன்றாவது சுருள் ஒன்றை வைத்தார். அது தந்தியைக் கேட்காது, ரீங்காரத்தை மட்டும் கேட்கும். அதைத் தலைகீழாக்கிக் கூட்டினால் ரீங்காரம் கழிந்துபோகும். பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் இந்தக் கருவியை எடுத்து முன்வரிசைத் தனி வாத்தியமாக வாசித்தபோது உலகம் கேட்ட தெளிவுக்கு இச்சுற்றே முதற்காரணம். பாராட்டில் பெரும்பங்கை மரம் வாங்கிக்கொண்டது.

மரத்தின் விறைப்பு போதாது என்று அலெம்பிக் வட்டாரத்திலேயே முடிவுக்கு வந்தார்கள். விண்வெளித் துறையில் பணியாற்றிய ஜெஃப் கூல்ட் கார்பன் இழையில் நெக் செய்யும் எண்ணத்தோடு அவர்களை அணுக, 1970களின் பிற்பகுதியில் அத்தகைய பேஸ் வந்தது. அவர் பின்னர் மாடுலஸ் என்ற பெயரில் தனியே தொழில் தொடங்கினார். நெட் ஸ்டைன்பெர்கர் இன்னும் ஒரு படி மேலே போய், தலைப்பகுதியையே நீக்கி, நெக்கும் உடலும் கார்பன் இழைக் கலவையில் அமைந்த பேஸைக் கொண்டுவந்தார். அதிலும் முன்பெருக்கி உள்ளடங்கிய இஎம்ஜி நிறுவனத்தின் பிக்கப்புகளே இருந்தன.

இன்று நெக்-த்ரூ பேஸ் வாங்க நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டால், மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நெக் வளையாமல் நேராக இருக்கிறதா என்று கண்ணை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரே அழுத்தத்தில் மீட்டி, எந்தச் சுரமாவது முன்னதாக அடங்குகிறதா என்று பெருக்கி இல்லாமலே கேட்கச் சொல்வேன். பிக்கப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். முறுக்கிக்கொண்ட நெக்-த்ரூ தண்டைக் கழற்றி மாற்ற வழியில்லை. வணக்கம்.