கொக்கோடா மலைப்பாதையில் சுமந்தவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த கோயில் நிர்வாகத்தினரே, கைத்தடியோடு வந்து என்னை வாழ்த்திய என் ஆசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, தோட்டத்துச் சொந்தங்களே, வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. பாப்புவா நியூகினியின் கொக்கோடா பாதையை நினைத்தாலே இந்தப் பழமொழிதான் என் வாயில் வருகிறது. போர், காடு, சுமந்தவர்கள் என மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூலையில் அந்நாட்டின் வடகரையில் இறங்கிய ஜப்பானியப் படை, ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கடந்து தென்கரையிலுள்ள தலைநகர் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கப் புறப்பட்டது. இடையில் இருந்தது 96 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. இயோரிபைவா முகடு வரை வந்த படை செப்டம்பர் இறுதியில் பின்வாங்கியது. நவம்பர் 2ஆம் தேதி, எதிர்த்துப் போரிட்ட ஆஸ்திரேலியர் கொக்கோடா கிராமத்தை மீட்டார்கள். இன்று அங்கே நடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த மலைக்காடு 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

சுமந்தவர்களுக்கு வருகிறேன். அரிசியும் தோட்டாவும் முதுகில் ஏற்றி முன்னே கொண்டு போனவர்கள் பாப்புவா மக்கள். பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர். 1942 ஜூன் மாத ஆஸ்திரேலியப் படை நிர்வாக உத்தரவால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். திரும்பும்போது காயம்பட்ட வீரர்களைத் தூக்கி வந்தார்கள். இரண்டு கம்புகளை வெட்டி, நடுவே கம்பளியைக் கட்டினால் அதுதான் தூளி. ஒரு தூளிக்கு எட்டுப் பேர். முழங்கால் வரை சேறு, செங்குத்தான ஏற்றம், வழுக்கும் வேர்கள். தலைமாடு தாழாமல், கால்மாடு உயராமல், தோளை ஏற்றியும் இறக்கியும் நடந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் சமதரை தேடித் தூளியை இறக்குவார்கள். தங்கள் பசியைப் பார்க்காமல் நோயாளிக்கு மேலே கூரை போட்டு, தண்ணீரும் உணவும் கொடுப்பார்கள். பிறகு தூளியின் இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர் படுப்பார்கள். அவர் அசைந்தால் போதும், ஒருவர் எழுந்துவிடுவார். அம்மா, உங்கள் வீட்டில் காய்ச்சல் கண்ட பிள்ளையை இப்படித்தானே பார்ப்பீர்கள்? மொழி தெரியாத அந்நியனை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்!

அந்தப் பாதையில் போர் நடந்த இசுராவாவில் நான்கு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. துணிவு, தாங்குதிறன், தோழமை, தியாகம் என்று பொறித்திருக்கிறார்கள். சுமந்தவர்களில் எத்தனை பேர் பெயரை நாம் அறிவோம்? ஆஸ்திரேலிய அரசு அவர்களுக்கு நினைவுப் பதக்கம் வழங்கத் தொடங்கியதே 2009இல்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால், பெயர் தெரியாமல் எப்படி நினைப்பது?

இதைக் கேட்பதற்குத்தான் நான் ஊர் ஊராகப் போகிறேன். அதே 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தப் பாதையில் இறந்த மேலைநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. நம்மவர் பெரும்பாலோருக்குக் குழி இருந்த இடமே தெரியாது.

வாசலில் மேசைமேல் பெரிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், உறவுமுறை, இந்த மூன்றும் போதும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் எங்கள் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேநீர் அருந்தப் போகும் முன் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வணக்கம்.