க்யூ இல்லாத இடம்தான் முதலில் போகிறது

நண்பர்களே, வணக்கம். நான் இன்றைக்கு ஒரு படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். புளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த லிபர்ட்டி பெல் என்ற நீராவிப் படகு. 2025 ஜூலை 6-ஆம் தேதியோடு அது நின்றுவிட்டது. படகு மட்டும் இல்லை, அது சுற்றிவந்த ஆறு, ஆற்றுக்கு நடுவில் இருந்த டாம் சாயர் தீவு, தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போன மிதவைகள், எல்லாம் அன்றோடு சரி. அந்த இடத்தில் பேசும் கார்களின் அனிமேஷன் படமான ‘கார்ஸ்’ படத்தை வைத்துப் புதிதாக ஒரு பகுதி கட்டுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் செய்தி வெளியானதிலிருந்து தீம் பார்க் ரசிகர்கள் இதை வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம், “1971-ல் பூங்கா திறந்த நாளிலிருந்து இருக்கிற ஆறு, அதில் எப்படிக் கை வைக்கலாம்?” என்கிறார்கள். இன்னொரு பக்கம், “போன தடவை நீ போனபோது அந்தப் படகில் ஏறினாயா? ஏறவில்லை அல்லவா? அப்புறம் எதற்கு அழுகிறாய்?” என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் அதற்குள் ஏதோ ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் அந்தப் படகு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். உண்மையான கொதிகலன், உண்மையான நீராவி, அந்த நீராவிதான் பின்னால் இருக்கிற பெரிய துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். தண்ணீருக்கு அடியில் ஒரு தண்டவாளம் போட்டிருந்ததால் படகு வழி மாறாது. கீழ்த்தட்டின் பின்பக்கம் போய் நின்றால் சிவப்புப் பலகைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை அள்ளிக்கொண்டு மேலே வரும், நின்று பார்க்கிறவர்கள் முகத்தில் லேசாகத் தூறல் மாதிரி விழும். நான் போனபோது எனக்குப் பக்கத்தில் ஒரு அப்பா தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கவே மாட்டார் என்று பார்த்த உடனே தெரிந்தது. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் ஒரு சுற்று. அந்த நேரம் முழுக்க அவரை யாரும் நகரச் சொல்லவில்லை, எதையும் பார்க்கச் சொல்லவில்லை. விசில் அடித்தபோது குழந்தை ஒரு தடவை கண்ணைத் திறந்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது.

தீவும் அப்படித்தான். ஆட்டம் ஆடுகிற பீப்பாய்ப் பாலம், குனிந்து போகவேண்டிய இருட்டுக் குகைகள், ஒரு மரக்கோட்டை. அங்கே போனால் பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு ஓடலாம். மற்ற இடமெல்லாம் நேரம் குறித்து, வரிசை பார்த்து, செல்போனில் அடுத்த ரைடைத் தேடிக்கொண்டு நடக்கிற பூங்காவில், அது ஒன்றுதான் திட்டம் எதுவும் தேவைப்படாத இடம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு ரைடு பிரபலமா இல்லையா என்று இன்று எல்லோரும் பார்ப்பது காத்திருப்பு நேரத்தைத்தான். செயலியைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். 90 நிமிடம் என்றால் அது ஹிட். 5 நிமிடம் என்றால் அது செத்த ரைடு. ஆனால் அந்தப் படகு ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிக்கொள்ளும், அப்புறம் எப்படி க்யூ நிற்கும்? தீவுக்குள் வேண்டிய மட்டும் இருக்கலாம் என்றால் எங்கே வரிசை வரும்? க்யூ இல்லை என்பது அதன் குறை இல்லை, க்யூ இல்லாததால்தான் ஜனங்கள் அங்கே போனார்கள். காத்திருப்பு நேரத்தை மட்டும் வைத்து அளந்தால் இப்படிப்பட்ட இடம் எப்போதும் தோற்றுத்தான் போகும்.

ஏறாதவர்களுக்கும் அந்த ஆறு வேலை செய்தது. கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் பிக் தண்டர் என்ற ரோலர் கோஸ்டர் மலை தெரியும், இந்தப் பக்கம் பேய் மாளிகை. நடுவில் தண்ணீர் இருந்ததால்தான் மலை தூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தது, கண்ணுக்கு ஒரு வெளி கிடைத்தது. அந்த வழியாக நடந்து போன எல்லோரும், ஒரு தடவைகூடப் படகில் ஏறாதவர்களும், அதை அனுபவித்திருக்கிறார்கள். “நீ ஏறினாயா?” என்ற கேள்வி இதைப் பிடிக்கவே பிடிக்காது.

அதற்காக, பழசு எதையுமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் நம் ரசிகர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. எல்லா மூடலையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஸ்பிளாஷ் மௌண்டன் என்ற தண்ணீர்ச் சறுக்கு ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் கலிபோர்னியாவில் திறந்தார்கள், 1992-ல் புளோரிடாவுக்கு வந்தது, கடைசிச் சரிவில் விழுகிற சுகத்துக்கு ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் கதை எடுக்கப்பட்ட 1946-ஆம் வருடத்துப் படம் கறுப்பின மக்களைக் காட்டிய விதத்தால், அமெரிக்காவில் வீடியோவாகக்கூட டிஸ்னி அதை வெளியிட்டதில்லை. வெளியே காட்டவே தயங்குகிற படத்தின் பாத்திரங்கள் பூங்காவின் நடுவில் பாடிக்கொண்டிருந்தன. அதை மாற்றியது சரி என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதே மலை, அதே தண்ணீர், அதே சரிவு, கதை மட்டும் டிஸ்னியின் இளவரசி டியானாவுடையது. 2024 ஜூனில் புளோரிடாவில் திறந்தார்கள், நவம்பரில் கலிபோர்னியாவில். புதிய கதை நன்றாக அமைந்ததா என்று தனியாகச் சண்டை போடலாம், அது வேறு விஷயம்.

ஜாஸ் ரைடு இன்னொரு மாதிரி. டிஸ்னியின் போட்டிப் பூங்காவான யூனிவர்சல் ஒர்லாண்டோவில் சுறா வந்து படகைத் தாக்குகிற ரைடு. 2011 டிசம்பரில் அறிவித்தார்கள், 2012 ஜனவரி 2-ஆம் தேதி மூடிவிட்டார்கள், ஒரே ஒரு மாத அவகாசம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2014 ஜூலையில் அதே இடத்தில் ஹாரி பாட்டர் கதையில் வருகிற மந்திரவாதிகளின் தெருவான டயகன் ஆலி திறந்தபோது, கோபப்பட்டவர்களிலேயே நிறையப் பேர் வாயடைத்து நின்றார்கள். நானும்தான். செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முழுத் தெருவே இருக்கிறது. ஒரு ரைடைக் கொடுத்து ஒரு ஊரை வாங்கிய மாதிரி ஆயிற்று.

ஆக, மூன்று மூடல், மூன்று விதமான காரணம். கதையே தவறு என்பதால் மாற்றியது ஒன்று. அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டியது இன்னொன்று. ஆற்றை மூடியது? புதிய இடம் எப்படி வரும் என்று திறந்த பிறகுதான் சொல்ல முடியும், ஒருவேளை அருமையாகவே வரலாம். ஆனால் அது எவ்வளவு அருமையாக வந்தாலும், தோளில் குழந்தையோடு நின்றிருந்த அந்த அப்பாவுக்கு அது பதில் ஆகாது. வேகமான ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு வேகமான ஒன்றை வைத்தால் அது மாற்று. ஓய்வெடுக்கிற இடத்தை எடுத்துவிட்டு ரைடு வைத்தால், ஓய்வு எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

“வேறு வழி இல்லை, இடம் வேண்டும்” என்பவர்களுக்கு நான் கலிபோர்னியாவைக் காட்டுவேன். அங்கே டிஸ்னிலேண்டில் ஸ்டார் வார்ஸ் பகுதிக்கு இடம் தேவைப்பட்டது. 2016 ஜனவரியில் ஆற்றை மூடினார்கள், ஆனால் ஒழித்துக்கட்டவில்லை. நீளத்தைக் குறைத்து, வளைவை மாற்றி, பாறையும் அருவியும் புதிதாகக் கட்டி, 2017 ஜூலையில் திரும்பவும் தண்ணீர் விட்டுப் படகை ஓட்டினார்கள். 1955-லிருந்து ஓடுகிற மார்க் ட்வெய்ன் படகு இன்றைக்கும் அங்கே ஓடுகிறது, ஸ்டார் வார்ஸும் 2019-ல் வந்துவிட்டது. இத்தனைக்கும் நிலத்துக்கு ஏங்குகிற பூங்கா அது. புளோரிடாவில் அவர்கள் கையில் இருப்பது சுமார் 25,000 ஏக்கர். முழு ஆறும் வேண்டாம், பாதி ஆறாவது விட்டிருக்கலாம் என்று நான் சொல்வது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, ரசிகர்கள் கத்தினால் எதாவது நடக்குமா? 1997-ல் மேஜிக் கிங்டமில் மிஸ்டர் டோட் என்ற தேரைப் பாத்திரத்தின் ரைடை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே கூடினார்கள், தபால் அட்டை எழுதினார்கள். நிறுவனம் மசியவில்லை. 1998 செப்டம்பர் 7-ஆம் தேதி மூடினார்கள், மறு வருடமே அங்கே வின்னி த பூ என்ற கரடிக் கதாபாத்திரத்தின் ரைடு வந்துவிட்டது. தோற்றுத்தான் போனார்கள். ஆனால் இன்று அந்தப் பூ ரைடுக்குள் ஆந்தையின் வீட்டில் ஒரு படம் மாட்டியிருக்கும், மிஸ்டர் டோட் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையின் கையில் கொடுக்கிற மாதிரி. பேய் மாளிகைக்கு வெளியே இருக்கிற செல்லப்பிராணிகள் கல்லறையில் டோடுக்கு ஒரு சிலையும் உண்டு. அவற்றை வைத்தவர்கள் அந்தப் பூங்காவைக் கட்டுகிற கலைஞர்களேதான். அவர்களும் நம்மை மாதிரி ரசிகர்கள், அவர்களுக்கும் வலித்திருக்கிறது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்து ஒரு மூடல் அறிவிப்பு வரும்போது, “என் சின்ன வயசு ஞாபகம்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அந்த இடம் பூங்காவில் என்ன வேலை செய்தது, யார் அங்கே உட்கார்ந்தார்கள், அதை எடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேளுங்கள். ஞாபகத்துக்கு அவர்கள் ஒரு சுவரில் படம் மாட்டிவிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் படம் போதாது, இடம் ஒதுக்கித்தான் பதில் சொல்ல முடியும்.

படம் மாட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவில் பாட்டுப் பாடும் கரடிகளின் அரங்கத்தை 2001-ல் மூடிவிட்டு அங்கேயும் பூ ரைடுதான் வைத்தார்கள். அந்த அரங்கத்தில் சுவரில் தொங்கியபடி பேசுகிற மூன்று விலங்குத் தலைகள் இருந்தன, மேக்ஸ், பஃப், மெல்வின் என்று பெயர். அந்த மூன்றும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன, ரைடுக்குள், வண்டி போகிற பாதைக்கு மேலே. எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் பாதி வழியில் ஒரு தடவை இருக்கையில் திரும்பி, மேலே பாருங்கள்.