கப்பலேறியவரின் ஊர் எது?

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் கொள்ளுத் தாத்தா முனுசாமி. மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர்." தென்னாப்பிரிக்காவிலோ மொரீஷியஸிலோ பிஜியிலோ இருந்து தங்கள் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் தொடங்குகிறார்கள். இதில் முனுசாமி என்ற பெயரை வைத்து அதிக தூரம் போக முடியாது. மதராஸ் அவர் கப்பலேறிய துறைமுகம், பிறந்த ஊர் அல்ல. மிஞ்சுவது கப்பல். தேட வேண்டியது அந்தக் கப்பலின் பட்டியலைத்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். அதைக் காலனி எண் என்பார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். சென்னையிலிருந்து போனவர்களுக்குத் 'தாணா' என்று தலைப்பிட்ட கட்டத்தில் பெரும்பாலும் தாலுகாவின் பெயரே இருக்கும். அதைக் காவல் நிலையம் என்று நினைத்துத் தேடினால் வழி தவறிவிடும்.

ஆகவே முதல் வேலை, அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது. அதற்கு முன்னோரிடமிருந்து கீழே வரக்கூடாது, நம்மிடமிருந்து மேலே போக வேண்டும். அப்பாவின் பிறப்புச் சான்று, தாத்தாவின் திருமணச் சான்று, கொள்ளுத் தாத்தா இறந்தபோது பதிந்த அறிக்கை என்று ஒரு தலைமுறையையும் விடாமல் ஏற வேண்டும். நேட்டாலில் இந்தியர்களின் பிறப்பையும் திருமணத்தையும் 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' அலுவலகம் பதிந்தது. அந்தத் தாள்களில் பெற்றோரின் காலனி எண்கள் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். மொரீஷியஸின் பழைய பதிவுகளிலும் இதே வழக்கம் உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ரசீது, ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த சீட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். மூலையில் பென்சிலால் எழுதிய ஐந்தாறு இலக்கம் ஒரு நூறு முனுசாமிகளுக்கு நடுவிலிருந்து உங்கள் முனுசாமியைப் பிரித்துக் காட்டிவிடும்.

எண் கிடைக்கவில்லை என்றால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். அந்தப் பெயர் எத்தனை கை மாறி வந்தது என்று பாருங்கள். கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒரு குமாஸ்தா காதில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார். கப்பலிலும் டர்பனிலும் வேறு ஆட்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். நூறு ஆண்டு கழித்து, தமிழே தெரியாத ஒருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றியிருக்கலாம். முனுசாமியும் முனிசாமியும் கலந்து 'மூன்சாமி' ஆனது இப்படித்தான். உகரத்துக்குச் சிலர் இரட்டை 'ஓ' போடுவார்கள், சிலர் 'யு' போடுவார்கள். ஏழுமலை, ஏகாம்பரம் போன்ற பெயர்கள் 'ஒய்' எழுத்தில் தொடங்கும், அதனால் 'ஈ' வரிசையில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. ழகரம் 'எல்' ஆகவும் வரும், 'ஆர்' ஆகவும் வரும். மொரீஷியஸில் ஆறுமுகம் 'ஆர்மூகும்' ஆகிவிட்டார்.

இதற்கு ஒரு வழி உண்டு. உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முனுசாமிக்கு ஆங்கிலத்தில் எம், என், எஸ், எம். கணினிப் பட்டியலில் இவற்றுக்கு இடையிலும் கடைசியிலும், எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறியைப் போட்டுத் தேடினால் எல்லா வேடத்திலும் அவர் வந்து நிற்பார். கூடவே பழைய கையெழுத்தில் 'என்' எழுத்தை 'யு' என்றும், 'எஸ்' எழுத்தை 'எல்' என்றும் படித்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குடும்பப் பெயர் இன்னொரு பொறி. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும் நிலைத்தார்கள். கப்பலேறியபோது அது பெயரில் சேர்ந்திருக்கவில்லை. சாதிக் கட்டத்தில் இருந்திருந்தால் உண்டு. கப்பல் பட்டியலில் மூட்லி என்று தேடிவிட்டு "ஆளே இல்லை" என்று முடிவு கட்டுவது வீண். வேறு சில குடும்பங்களில் கப்பலேறியவரின் சொந்தப் பெயரே பின்னால் குடும்பப் பெயராக உறைந்திருக்கும். அண்ணன் தம்பி இருவர் இரு வேறு குடும்பப் பெயரோடு இருப்பதும் உண்டு.

வயதை ஐந்தாண்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று முழு எண்ணாக நிறைய பேர் இருப்பார்கள். அது குமாஸ்தா முகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. சாதிக் கட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

வரி கிடைத்துவிட்டால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். மேலே பத்து, கீழே பத்து வரி படியுங்கள். கணவன், மனைவி, குழந்தைகளுக்கு அடுத்தடுத்த எண்களே விழும். அதே தகப்பன் பெயரும் அதே கிராமமும் உள்ள இன்னொருவர் நாலு வரி தள்ளி இருந்தால், அவர் உடன்பிறந்தவராக இருக்கலாம். ஒரே கப்பலில் மூன்று ராமசாமி இருப்பது சகஜம். பெயரும் வயதும் பொருந்துகின்றன என்று ஏற்றுக்கொண்டால் அடுத்த வீட்டுத் தாத்தாவைக் கும்பிட வேண்டிவரும். தகப்பன் பெயர், மனைவியின் எண், வேலை செய்த தோட்டம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

இந்தப் பட்டியல்கள் எங்கே? நேட்டாலுக்கு டர்பனில் உள்ள குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம், மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், பிஜிக்கு சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பிஜிக்குச் சென்னைக் கப்பல்கள் 1903-இல்தான் தொடங்கின. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்றால் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம். அந்தத் தீவுகளின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அங்கே எண்ணுக்கு 'மத்ரிக்யூல்' என்று பெயர். அங்கே ஊர் 'காரைக்கால்' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அதுவும் துறைமுகம்தான். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களும் அங்கிருந்து கப்பலேறியிருக்கிறார்கள்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி என்ற ஆள்சேர்ப்பவர் வழியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு வரி உள்ள இப்படிப்பட்ட பட்டியலைத் தேடிப் பயனில்லை. அங்கே தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் கணக்கு ஏடு, பிற்காலக் குடியுரிமை விண்ணப்பம், பழைய பாஸ்போர்ட் ஆகியவற்றிலிருந்துதான் ஊரைப் பிடிக்க வேண்டும்.

காப்பகத்துக்கு எழுதும்போது ஒரு கடிதத்தில் ஓர் ஆளைப் பற்றி மட்டும் கேளுங்கள். எண், கப்பல், ஆண்டு மூன்றையும் முதல் வரியிலேயே கொடுங்கள். தட்டச்சு செய்த சுருக்கம் வேண்டாம், முழுப் பக்கத்தின் படம் வேண்டும் என்று கேளுங்கள். 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில்தான் இறந்தார், ஊர் திரும்பினார் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். சுருக்கத்தில் முதலில் விடுபடுவது அந்தக் கட்டம்தான். எங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அதே ஏட்டை மறுபடியும் புரட்டுவீர்கள்.

இனி ஊர். 'ஜில்லா வட ஆற்காடு, திருத்தணி, புதூர்' என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வட ஆற்காடு என்றதும் வேலூருக்கு எழுதுவார்கள். திருத்தணி 1911-இல் புதிய சித்தூர் ஜில்லாவுக்குப் போனது. 1953-இல் ஆந்திரத்தோடு பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஆக, ஏடு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கலாம், சித்தூர்ப் பக்கமும் இருக்கலாம். புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் உண்டு என்று சொல்லத் தேவையில்லை. 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் கிராமப் பட்டியல் இருக்கிறது. அதில் அந்தத் தாலுகாவின் புதூர்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கெடுப்பில் ஆள் பெயர் கிடைக்காது, ஊர்ப் பெயர் மட்டுமே.

அடுத்தது நிலப் பதிவு. அரசு உழவரிடமே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி கிராமம் என்றால், நிலமும் அதற்குரியவர் பெயரும் எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடும் 'அ' பதிவேடும் உண்டு. திருத்தணியோ அன்று கார்வேட்டிநகர் ஜமீன். ஜமீன் கிராமங்களுக்கு 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அப்படிப்பட்ட பதிவேடுகளை எதிர்பார்க்கலாம். தவிர, கூலிக்குக் கப்பலேறியவர்களில் பலருக்கு நிலம் கிடையாது. பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்பதற்காக ஊர் தவறு என்று ஆகிவிடாது.

கடைசியில் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும்போது, கப்பலேறிய முனுசாமியைத் தெரியுமா என்று கேட்க வேண்டாம். நூற்றிருபது வருஷத்துக்கு முன் போனவரை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. பட்டியலில் உள்ள தகப்பன் பெயரைச் சொல்லுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் அந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும் வீடு எது, அந்த வீட்டாருக்குக் குலதெய்வம் எது என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் கும்பிடும் சாமியின் பெயரை முதலில் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வாயால் வரட்டும்.

வணக்கம்.