சொந்தத் தொழில்காரர் வீடு வாங்கக் கைப்பணம் எவ்வளவு வேண்டும்?

நண்பர்களே, வணக்கம்.

மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டை நீட்டுகிறார், வேலை பாதி முடிந்துவிடுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் தையல் கடைக்காரருக்கும், பைக் மெக்கானிக்குக்கும், கல்யாண வீடியோ எடுப்பவருக்கும், எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்கும் அப்படி ஒரு சீட்டு கிடையாது. நீங்கள் தாக்கல் செய்யும் வருமான வரி ரிட்டர்ன்தான் வங்கியின் கண்ணில் உங்கள் சம்பளச் சீட்டு. வீட்டுக்குக் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும் என்பதை வீட்டு விலையை விட அந்த ரிட்டர்ன்தான் அதிகம் தீர்மானிக்கிறது. ஆகவே உண்டியலுக்கு முன்னால் ரிட்டர்னைப் பற்றிப் பேசிவிடுவோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்சவரம்பு, வங்கி குறைத்தும் தரலாம். நம் வீட்டுக்கு 40 லட்சம் கடன், 10 லட்சம் கைப்பணம். பலர் இந்தப் பத்து லட்சத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.5 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. 10 லட்சத்துக்குள் அடங்கும் வீடுகளுக்கு மட்டும்தான் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட விதி இடம் தருகிறது. அப்புறம் புரோக்கர் கமிஷன், வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், அடமான ஆவணப் பதிவு, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15.5 லட்சம். 20 சதவீதம் என்று நினைத்துச் சேர்த்தவருக்குக் கடைசி மாதத்தில் ஐந்தரை லட்சம் இடிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் மூன்று வட்டிக்கு வாங்குகிறார்கள். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம்.

புது அடுக்குமாடி வீட்டை பில்டரிடமிருந்து முதல் கையாக வாங்குபவருக்குக் கணக்கு வேறு: 50 லட்சம் வரை தீர்வை 4, பதிவு 2. ஆனால் அந்த 50 லட்ச வீடு கட்டி முடிக்காதது என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் வந்து சேரும். ஒரு பக்கம் மிச்சப்பட்டது இன்னொரு பக்கம் போய்விடும்.

இப்போது ரிட்டர்னுக்கு வருவோம். 40 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். உங்கள் வருமானத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி எடுத்துக்கொண்டால் மாதம் 70,000, ஆண்டுக்கு 8.4 லட்சம் ரிட்டர்னில் இருக்க வேண்டும். நிஜத்தில் நீங்கள் அவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், ஆனால் 4 லட்சம்தான் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வங்கி கொடுக்கக்கூடிய கடன் 19 லட்சத்தைச் சுற்றித்தான் வரும். மீதி 31 லட்சத்தையும் பத்திரச் செலவையும் கையிலிருந்து போட வேண்டும். மறைத்த 4.4 லட்சம், சேர்க்க வேண்டிய கைப்பணத்தை 21 லட்சம் கூட்டிவிட்டது!

வரிக்குப் பயந்து மறைத்தீர்கள் என்றால் அந்தப் பயத்துக்கும் இப்போது காரணம் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான தொழில் வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். நாலு லட்சம் காட்டினாலும் பூஜ்யம், எட்டு லட்சத்து நாற்பதாயிரம் காட்டினாலும் பூஜ்யம். அப்படியும் கணக்கர்கள் பழக்க தோஷத்தில் குறைத்தே போடுகிறார்கள். உத்தேச வருமான முறையில், அதாவது விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறையில், டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம், ரொக்க வரவுக்கு 8 சதவீதம் லாபம் என்பது கீழ்வரம்பு. உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகத்தைக் காட்டுவதற்குத் தடை ஏதும் இல்லை, காட்டுவதுதான் முறையும்கூட. 60 லட்சம் விற்றுமுதலுக்கு 6 சதவீதம் என்று 3.6 லட்சம் போட்டுவிட்டு, வங்கி மேலாளர் முன்னால் போய் ‘சார், நிஜத்தில் அதிகம் வருது’ என்று சொல்லிப் பயனில்லை. அவர் காகிதத்தைத்தான் பார்ப்பார்.

அதற்காக இல்லாத வருமானத்தை ஏற்றிக் காட்டவும் கூடாது. வங்கி ரிட்டர்னை ஜிஎஸ்டி விற்றுமுதலோடும் நடப்புக் கணக்கு வரவோடும் வைத்துப் பார்க்கும். மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒரே ஆண்டில் வருமானம் இரண்டு மடங்காக உயர்ந்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுச் சராசரியைத்தான் எடுப்பார்கள். இரண்டு ஆண்டு ரிட்டர்னை ஒரே வாரத்தில் தாக்கல் செய்துவிட்டு வந்தால் கடனுக்காகச் செய்தது என்று தெரிந்துவிடும். ஆக, வீடு வாங்கும் தேதிக்குக் குறைந்தது இரண்டு, நல்லது மூன்று ரிட்டர்னுக்கு முன்பே இந்த வேலை தொடங்க வேண்டும். மனைவியும் தொழில் செய்து தனி ரிட்டர்ன் போடுகிறார் என்றால் அவரையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேருங்கள். இரண்டு வருமானமும் கூடும், சில வங்கிகளில் பெண்களுக்கு வட்டியில் சிறு சலுகையும் உண்டு.

கியூஆர் ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் யார் கணக்கோடு இணைந்திருக்கிறது? மகன் கணக்கு, மச்சினன் கணக்கு, ஏதாவது ஒரு சேமிப்புக் கணக்கு என்று இருந்தால் அந்த வரவு உங்கள் தொழிலுக்குச் சாட்சி சொல்லாது. உங்கள் பெயரில் அல்லது கடைப் பெயரில் உள்ள நடப்புக் கணக்குக்கு இன்றைக்கே மாற்றுங்கள். பல வங்கிகள் மாதத்தில் ஐந்தாறு குறிப்பிட்ட தேதிகளில் இருந்த இருப்பை எடுத்துச் சராசரி போடும். காலையில் வந்ததை மாலைக்குள் துடைத்து எடுப்பவருக்கு வரவு எவ்வளவு இருந்தாலும் அந்தச் சராசரி கீழேதான் நிற்கும். செக் திரும்பினால், தானியங்கித் தவணை திரும்பினால் அதுவும் அறிக்கையில் நிற்கும். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் வரும், மறந்துவிடாதீர்கள்.

சரி, சேர்ப்பது எப்படி? சம்பளக்காரர் மாதம் இவ்வளவு என்று நிலையாக ஒதுக்கலாம். கல்யாணத்தை நம்பிய தொழிலுக்கு ஆடியும் மார்கழியும் காய்ந்துவிடும், தையும் வைகாசியும் ஆவணியும் கொட்டும். நிலையான தொகைக்கு ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போட்டால் ஆடியில் தவணை தவறும், அபராதம் கட்டி, அலுத்து, மூடிவிடுவீர்கள். ஆகவே தொகையாக ஒதுக்காமல் விகிதமாக ஒதுக்குங்கள். பணம் வந்த அன்றே முதலில் ஜிஎஸ்டியை எடுத்து வேறு கணக்கில் போடுங்கள். அது உங்கள் பணமே அல்ல, அடுத்த மாதம் 20ஆம் தேதி போய்விடும் விருந்தாளி. அடுத்து சரக்கு, கூலி. மிஞ்சுவதில் 60 பங்கு குடும்பச் செலவுக்கு, 40 பங்கு கைப்பணத்துக்கு. சராசரியாக 70,000 மிஞ்சினால் 28,000 சேரும். ஆறரை சதவீத வட்டியில் நான்கு ஆண்டில் சுமார் 15.3 லட்சம். நம் கணக்குக்கு ஏறக்குறைய சரி. அதற்குள் வீட்டு விலை ஏறினால் ஐந்தாவது ஆண்டு கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: மாதம் 12,000 வாடகை கொடுத்துக்கொண்டே 28,000 சேர்த்த குடும்பத்துக்கு 34,700 தவணை பாரமாகாது, அந்தப் பழக்கம் பாஸ்புக்கிலேயே தெரியும்.

நான்கைந்து ஆண்டில் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச் சந்தை சரியான இடம் அல்ல. நிலையான ஆர்டி சிறியதாக ஒன்று, காய்ந்த மாதத்திலும் கட்ட முடிகிற அளவுக்கு. கொட்டும் மாதங்களில் மிஞ்சுவதை அவ்வப்போது நிரந்தர வைப்பாகப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு, அதைத் தாண்டினால் அடுத்த வங்கிக்குப் போங்கள். நகையாக வாங்கிச் சேர்க்கிறேன் என்றால் செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏலச் சீட்டைத் திட்டி நான் பேசப்போவதில்லை. 25 பேர், மாதம் 20,000, 25 மாதம், 5 லட்சச் சீட்டு. கட்டாயப்படுத்திச் சேர்க்க வைப்பதில் அதற்கு நிகர் குறைவு. கடைசி மாதங்கள் வரை எடுக்காமல் இருந்தால் கசர், அதாவது ஏலத் தள்ளுபடியில் உங்கள் பங்கு, கிடைக்கும். முதலிலேயே தள்ளி எடுத்தால் அது சேமிப்பே அல்ல, கடன். ஆனால் நிறுவனம் பதிவானது என்பது வேறு, நீங்கள் சேரும் அந்தக் குழு பதிவானது என்பது வேறு. 1982ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி ஒவ்வொரு குழுவுக்கும் பதிவாளர் தரும் தொடக்கச் சான்றிதழ் வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்தும் சீட்டில் எடுத்த பணம் ரொக்கமாக வரும், கைப்பணத்தின் மூலம் எது என்று வங்கி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

சேர்த்த பணத்தை அதிகம் விழுங்குவது எது தெரியுமா? தீபாவளிச் சரக்கு. ‘இந்த ஒரு சீசன் போட்டு எடுத்துடலாம்’ என்று வைப்பை உடைப்பார்கள், சரக்கு தேங்கும், வீடு இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். அவசியமே வந்தால் வைப்பை உடைக்காமல் அதை ஈடாக வைத்து ஓவர்டிராஃப்ட் கடன் எடுங்கள். வைப்பு வட்டியை விட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல், எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கும். கைப்பணம் போக, ஆறு மாதக் குடும்பச் செலவும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

கடைசியாகப் பேரம். விற்பவர் ‘35க்குப் பதிவு பண்ணிக்கலாம், 15 கையில கொடுத்துடுங்க’ என்பார். பத்திரச் செலவில் 1.35 லட்சம் மிச்சம் என்று மனம் துள்ளும். வங்கி 35 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 28 லட்சம்தான் தரும். நீங்கள் 22 லட்சத்தோடு பத்திரச் செலவு 3.15 லட்சமும் போட வேண்டும். 14.5 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டியது 25 லட்சம் தாண்டிவிட்டது. போதாததற்கு, சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதே சட்டப்படி தவறு. முழு விலை 50 லட்சமாகப் பதிவானால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு, மறந்தால் வட்டியும் உங்கள் தலையில்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ரிட்டர்ன்களைக் கொடுத்து, எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ‘வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும்’ என்ற வரி இருக்கட்டும். பில்டர் என்றால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் அவருக்கு உரிமை இல்லை. கேட்டால், பதிவு தேதியைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், அன்றைக்குக் கொடுக்கலாம்.