டீ பாக்கெட்டைப் பிரிச்சதும் வர்ற வாசனையை நம்பலாமா?

(திரையில்: மேசை மேல மூணு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், பக்கத்துல மூணு பாக்கெட்)

வணக்கம். மேசையில மூணு பாக்கெட் வெச்சிருக்கேன். லெமன் கிரீன் டீ, மல்லிகை கிரீன் டீ, துளசி இஞ்சி மூலிகை டீ. பிரிச்ச நிமிஷத்துலயே அறை முழுக்க வாசனை. கடையில நம்ம கையை இந்தப் பக்கம் இழுக்கறதும் இந்த வாசனைதான். ஆனா பிரிச்ச உடனே மணக்கறது பெரிய காரியம் இல்ல. ஃப்ளேவர் கொஞ்சம் தெளிச்சா எந்தத் தூளும் மணக்கும். அந்த மணத்துக்கு அடியில இருக்கற இலை எப்படிப்பட்டது? அதைத்தான் ருசி பார்த்துக் கண்டுபிடிக்கணும். அதுக்கு வருஷக்கணக்கா பழகின நாக்கு வேணும்னு இல்ல. முறை தெரிஞ்சா போதும்.

முறையைத் தொழில்காரங்ககிட்ட இருந்தே எடுத்துக்கலாம். குன்னூர்ல வாராவாரம் தேயிலை ஏலம் நடக்குது. ஏலத்துக்கு வர்ற தேயிலையை டீ டேஸ்டர்கள் முன்கூட்டியே ருசி பார்த்து மதிப்புப் போடுவாங்க. நீளமான மேசை, வரிசையா கிண்ணங்கள். ஸ்பூன்ல எடுத்து சர்ருன்னு சத்தமா உறிஞ்சி, வாயில ஒரு சுத்து சுத்தி, துப்பிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துடுவாங்க. அவங்க பாக்கறது மூணு விஷயம்: காய்ஞ்ச இலை, வெந்நீர்ல ஊறின இலை, வடிச்ச டீத் தண்ணி. இந்தத் தண்ணியை லிக்கர்னு சொல்வாங்க. நாம லிக்கரை மட்டும் குடிச்சிட்டு, ஊறின இலையைத் தூக்கிப் போட்டுடறோம். பாதி உண்மை அந்த இலையிலதான் இருக்கு.

(திரையில்: மூடி போட்ட பீங்கான் கப், சின்னத் தராசு, கடிகாரம்)

டீ ருசி பாக்கறதுக்கு உலக அளவுல ஒரு விதியே இருக்கு. பொருள்களுக்குத் தர விதி எழுதற சர்வதேச அமைப்பான ஐஎஸ்ஓவோட 3103-ம் எண் விதி. முதல்ல 1980-ல வந்தது, 2019-ல திருத்தினாங்க. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, அப்போதான் கொதிச்ச தண்ணி, 6 நிமிஷம், பீங்கான் பாத்திரம். ஒரு டீ போட ஆறு பக்கத்துக்கு விதியான்னு இதோட பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999-ல இக் நோபல்ங்கற கேலி நோபல் பரிசு கொடுத்துக் கிண்டல் பண்ணினாங்க. எனக்கு அந்தக் கிண்டல் நியாயமாப் படல. நல்ல டீ போடக் கத்துக்கொடுக்கறதுக்காக எழுதின விதி இல்ல அது. ரெண்டு டீயை ஒரே நிலைமையில வெச்சு ஒப்பிடறதுக்காக எழுதினது. ஒண்ணை 3 நிமிஷமும் இன்னொண்ணை 5 நிமிஷமும் ஊற வெச்சுட்டு எது நல்லாருக்குன்னு கேட்டா, அதுக்குப் பதிலே கிடையாது.

இங்க ஒரு சந்தேகம் வரும். கிரீன் டீக்குக் கொதிக்கற தண்ணி ஆகாதுன்னு சொல்வாங்களே? குடிக்கறதுக்கு அது சரிதான். 75, 80 டிகிரியில, இலையில துவர்ப்பும் கசப்பும் தர்ற கேட்டச்சினும் கஃபீனும் கம்மியா இறங்கும். கசப்பும் துவர்ப்பும் அடங்கி, இலையில இருக்கற தியானின்ங்கற அமினோ அமிலம் கொடுக்கற மெல்லிய ருசி மேல வரும். ஆனா ஜப்பான்ல கிரீன் டீயைத் தரம் பிரிக்கறவங்க வேணும்னே கொதிக்கற தண்ணியைத்தான் ஊத்தறாங்க. 200 மில்லிக்கு 3 கிராம். இலையோட குறை எதுவும் ஒளிஞ்சுக்கக் கூடாதுங்கறதுதான் காரணம்.

அதனால நீங்களும் ரெண்டு கப் போடுங்க. கொதிக்கற தண்ணியில ஒண்ணு, அது குறை பாக்கற கப். கொஞ்சம் ஆறின தண்ணியில இன்னொண்ணு, அது குடிக்கற கப். நல்ல இலையும் முதல் கப்புல கசக்கத்தான் செய்யும். ஆனா பழைய வைக்கோல் வாடையோ, நனைஞ்ச அட்டை வாடையோ, கருகல் வாடையோ வரக் கூடாது.

(திரையில்: டீ பேக் ஒண்ணைக் கத்தரிக்கோலால வெட்டித் தட்டுல கொட்டறது)

முதல்ல லெமன் கிரீன் டீ. இது பேக்ல வந்திருக்கு. பெட்டியில போட்டிருக்கற நிகர எடையை பேக் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. பல பெட்டிகள்ல ஒரு பேக்குக்கு 2 கிராம் கூட வராது. அதை ஒரு பெரிய மக்ல போட்டுத் தண்ணியை ரொப்பினா, இலை நல்லதா கெட்டதான்னே தெரியாது. அப்படியே பேக்கை வெட்டிக் கொட்டிப் பாருங்க. பெரும்பாலும் தூள்தான் இருக்கும், ஃபேக்டரியில ஃபேனிங்ஸ், டஸ்ட்னு சொல்ற ரகம். தூள்னாலே மட்டம்னு அர்த்தம் இல்ல. ஆனா அது வேகமா இறங்கும், கசப்பையும் வேகமா இறக்கும். நடுநடுவுல மஞ்சளா மரத்தூள் மாதிரி காம்பும் நாரும் நிறையத் தெரிஞ்சா, அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

இப்போ மூக்கைப் பிடிச்சுக்கோங்க. நிஜமாவே ரெண்டு விரலால நல்லா அழுத்திப் பிடிங்க. ஒரு வாய் குடிச்சு, வாயிலயே வெச்சிருங்க. என்ன தெரியுது? கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு, சூடு. எலுமிச்சை எங்க போச்சு? விரலை எடுங்க. குப்புன்னு எலுமிச்சை வந்துடும்.

வாய்க்குள்ள இருந்து மூக்குக்கு ஏறற வாசனையைத்தான் நாம ருசின்னு நினைச்சுக்கறோம். டேஸ்டர்கள் சத்தமா உறிஞ்சறதும் இதுக்குத்தான். காத்தோட சேர்ந்து வாசனை மேல ஏறணும். இந்த லெமன் டீயில எலுமிச்சை வாசனை இருக்கு, எலுமிச்சையோட புளிப்பு துளி கூட இல்ல. அப்போ சாறு வரல, மணம் மட்டும் வந்திருக்குன்னு அர்த்தம். அது குத்தம் இல்ல. பாக்கெட்லயும் ஃப்ளேவர் சேர்த்திருக்குன்னு போட்டிருக்கு. முன்பக்கம் பளபளக்கற எலுமிச்சம்பழத் துண்டுப் படத்தைப் பார்த்து ஏமாறாம இருந்தா சரி.

அடுத்தது ஆற விடறது. பத்து நிமிஷம், கால் மணி நேரம் அப்படியே விட்டுடுங்க. சூட்டுல வாசனை ஆவியா கிளம்பி எல்லாத்தையும் மூடி மறைச்சிடும். ஆறினதும் அந்தப் போர்வை விலகும். மட்டமான லெமன் டீ ஆறினா தரை துடைக்கற திரவத்தோட வாடை வரும். பழசாப் போன எலுமிச்சை எண்ணெய் காத்துல ஆக்சிஜனேற்றம் அடைஞ்சு டர்பன்டைன் வாடை அடிக்கும். நல்லதா இருந்தா ஆறின பிறகும் குடிக்கலாம். ஆறின கப்புல தேறாத டீயை நான் வாங்க மாட்டேன், எவ்வளவு விலை குறைச்சாலும் சரி.

துவர்ப்பையும் இந்த நேரத்துலதான் எடை போடணும். கசப்பு வேற, துவர்ப்பு வேற. துவர்ப்புங்கறது கேட்டச்சின் எச்சில்ல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கிட்டு, வாயை இழுத்துப் பிடிக்கற உணர்ச்சி. நெல்லிக்காய் கடிச்சா எப்படி முதல்ல இழுத்துப் பிடிச்சு, அப்புறம் தொண்டையில இனிப்பு ஊறுதோ, நல்ல கிரீன் டீ அப்படி நடந்துக்கும். இழுத்துப் பிடிச்சது பிடிச்ச மாதிரியே நாக்கு சொரசொரன்னு நின்னுட்டா, இலை மோசம், இல்லைன்னா அதிகமா ஊறிப்போச்சு.

(திரையில்: ஊறின இலை, கப் மூடியைத் திருப்பி அது மேல பரப்பினது)

மல்லிகை டீயில ஊறின இலையைப் பாருங்க. இலை சீரான பச்சையா, ஆலிவ் நிறத்துல இருக்கணும். செம்பு நிறத் திட்டு நிறைய இருந்தா, சூடு காட்டறதுக்கு முன்னாடியே இலை கறுக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் செடி ஒண்ணுதான். பறிச்ச இலையை ஆவியிலயோ சட்டியிலயோ சூடு காட்டி, அதை மாத்தற நொதியை நிறுத்தினா கிரீன் டீ. நிறுத்தாம விட்டா பிளாக் டீ. இந்தச் சூடு சரியா ஏறலைன்னா எந்த ஃப்ளேவரும் காப்பாத்தாது.

மல்லிகை டீ பத்திக் கொஞ்சம் நிதானமாப் பேசணும்னு ஆசை. சீனாவுல ஃபுஜோ ஊர்ல இதைச் செய்யற முறை உண்மையிலயே ஒரு கலை. 2014-ல ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் பாரம்பரியமா அங்கீகரிச்சுது. அந்தப் பூ வேற எதுவும் இல்ல, நம்ம குண்டுமல்லி இனமேதான். மொட்டைப் பகல்ல பறிப்பாங்க. ராத்திரி அது விரியற நேரத்துல கிரீன் டீயோட அடுக்கடுக்காக் கலந்து வைப்பாங்க. தேயிலை சுத்தி இருக்கற எந்த வாசனையையும் ஈர்த்துக்கும். விரியற பூ விடற மணத்தையும் ஈரத்தையும் ராத்திரி முழுக்கக் குடிக்கும். காலையில பூவைச் சலிச்சு எடுத்துட்டு இலையைக் காய வைப்பாங்க. மறுபடி புதுப் பூ, மறுபடி ஒரு ராத்திரி. உயர்ந்த ரகத்துக்கு இப்படிப் பல தடவை நடக்கும்.

இப்போ கடைப் பாக்கெட்டுக்கு வாங்க. உள்ள காய்ஞ்ச மல்லிகைப் பூ நிறையக் கிடந்தா உடனே சந்தோஷப்பட வேண்டாம். மணத்தைக் கொடுத்து முடிச்ச பூ அது, அழகுக்காகக் கிடக்குது. சோதனை வேற. அதே இலையில ரெண்டாவது தடவை தண்ணி ஊத்துங்க, மூணாவது தடவையும் ஊத்துங்க. பூவோட கிடந்து மணம் ஊறின இலை மூணாவது தண்ணியிலயும் லேசா மணக்கும். மேல தெளிச்ச ஃப்ளேவர் பெரும்பாலும் முதல் தண்ணியோட போயிடும், ரெண்டாவதுல வெறும் கசப்புத் தண்ணிதான் மிஞ்சும்.

(திரையில்: மூலிகை டீ கப் மூடியைத் தூக்கறது, மூடியின் உள்பக்கம் நீர்த்துளிகள்)

மூலிகை டீக்கு விதி மாறும். இதுல தேயிலை இல்லாததால கொதிக்கற தண்ணியைத் தாராளமா ஊத்தலாம். 5-ல இருந்து 7 நிமிஷம். மூடி அவசியம். மூடியோட உள்பக்கம் நிக்கற துளிகளை முகர்ந்து பாருங்க. துளசிக்கு மணம் கொடுக்கற யூஜினால், எலுமிச்சைப்புல்லுக்கு மணம் கொடுக்கற சிட்ரால் எல்லாம் அங்க வந்து உக்காந்திருக்கும். அந்தத் துளிகளைக் கப்புக்குள்ளயே தட்டி விடுங்க.

இஞ்சியை நாக்கால சோதிக்க முடியாது, தொண்டையால சோதிக்கணும். முழுங்கின பிறகு காரம் மெதுவா ஏறினா நிஜமாவே இஞ்சியோ சுக்கோ இருக்கு. மூக்குல இஞ்சி மணந்து தொண்டை சும்மா இருந்தா, வந்தது வாசனை மட்டும். புதினாவுல இந்த வேலை செல்லாது. புதினாவுல இருக்கற மெந்தாலுக்கு மணமும் குளிர்ச்சியும் சேர்ந்தே இருக்கறதால, ஃப்ளேவராப் போட்டாலும் குளிரும். அங்க ஊறின இலையைத்தான் நம்பணும்.

பெர்ரி, பீச்னு பேர் போட்ட சிவப்பு டீ வாங்கறீங்களா? சேர்மானப் பட்டியலைப் படிங்க. எது எடை அதிகமோ அது முதல்ல வரும். முதல்ல ஹைபிஸ்கஸும் ஆப்பிள் துண்டும் இருக்கும், பெர்ரி கடைசியில ஃப்ளேவரா நிக்கும். புளிப்பும் நிறமும் ஹைபிஸ்கஸ் கொடுக்கறது. அது வாசல்ல பூக்கற செம்பருத்தி இல்ல. புளிச்சகீரை வகைச் செடியில காயைச் சுத்தித் தடிக்கற சிவப்பு இதழ். எனக்கு அந்தப் புளிப்பு ரொம்பப் பிடிக்கும். ஹைபிஸ்கஸ் டீன்னு சொல்லியே விக்கலாம்.

சர்க்கரை போடாமலே இனிக்குதா? இனிப்பு உடனே வராம, முழுங்கின பிறகு வந்து ரொம்ப நேரம் நின்னா பெரும்பாலும் அதிமதுரம். அளவாக் குடிச்சா பிரச்சினை இல்ல. தினமும் நிறையக் குடிச்சா ரத்த அழுத்தத்தை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிபி இருக்கறவங்க பட்டியல்ல இதைத் தேடுங்க.

அதை விட முக்கியமா இன்னொரு பேரைத் தேடணும். ‘டீடாக்ஸ்’, ‘ஸ்லிம்மிங்’னு எழுதின பாக்கெட்ல ‘சென்னா’ன்னு இருந்தா அது நிலவாகை. டின்னெவெல்லி சென்னான்னு உலகச் சந்தையில திருநெல்வேலி பேரோடயே போற இலை. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. மருந்துதான், தினம் குடிக்கற டீ இல்ல. அதைக் குடிச்சு எடை குறைஞ்சா, போனது தண்ணியும் மலமும்தான், கொழுப்பு குறையல. உடம்புல நச்சை வெளியேத்தற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கும். வயித்து வலியோட ஓடறதை நச்சு வெளியேறுதுன்னு எடுத்துக்காதீங்க.

ரத்தசோகை இருக்கறவங்க கிரீன் டீயைச் சாப்பாட்டோட குடிக்க வேண்டாம். கீரை, பருப்புல இருந்து வர்ற இரும்புச்சத்து உடம்புல சேர்றதை அது தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க.

(திரையில்: மூடி போட்ட டப்பா, குண்டுமல்லிப் பூ)

இவ்வளவும் பார்த்துட்டு எந்தப் பாக்கெட்டும் மனசுக்குப் பிடிக்கலையா? வாசனை சேர்க்காத, நல்ல முழு இலைக் கிரீன் டீ கொஞ்சமா வாங்குங்க. எலுமிச்சை வேணும்னா கப்பு ஆறி வரும்போது நாலு சொட்டுப் பிழிங்க. மல்லிகை வேணும்னா, வீட்டுத் தொட்டியில மருந்தடிக்காம வளர்ந்த பூவை மட்டும் எடுங்க. கடைப்பூ வேண்டாம், அதுல பூச்சிமருந்து இருக்கலாம். சாயங்காலம் விரியப்போற மொட்டை இலையோட கலந்து டப்பாவுல மூடி வைங்க. காலையில பூவை எல்லாம் பொறுக்கிட்டு, இலையை அடிகனமான வாணலியில ரொம்பச் சின்னத் தீயில, ஈரம் போற வரைக்கும் மட்டும் புரட்டுங்க. ஆறினதும் காத்துப் புகாத டப்பாவுல போட்டு, சீக்கிரமே குடிச்சு முடிச்சிடுங்க.