பகலில் அளந்த பலகை

நேயர்களுக்கு வணக்கம். கடைப் பலகையைப் பற்றிப் பேசவா உங்களை வானொலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். என்ன செய்வது, எனக்குத் தெரிந்தது அதுதான். நகராட்சிகளில் நகரமைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு வரைபடம் பார்ப்பது, கட்டடத்தை அளப்பது, விளம்பரப் பலகைக்கு மனு வந்தால் நேரில் போய்ப் பார்ப்பது, இதெல்லாம்தான் வேலை. கையில் டேப் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சங்கதி. பலகையை நாம் பகலில் அளக்கிறோம், அது வேலை செய்வதோ ராத்திரியில். இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னையில் விளம்பரப் பலகைகளுக்கு உரிமம் கொடுப்பதற்கென்றே 2003-ல் தனி விதிகள் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வைக்கக் கூடாது, கோயிலுக்கு முன்னால் கூடாது, நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு முன்னால் கூடாது, சாலைகள் சந்திக்கும் முனையிலிருந்து இரண்டு பக்கமும் 100 மீட்டருக்குள் கூடாது. விளம்பர நிறுவனங்கள் சும்மா இருக்குமா? வழக்குப் போட்டன. 2008-ல் உச்ச நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது மாநிலம் முழுவதற்குமாக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் என்று 2023-ல் ஒன்று வந்து நடைமுறையில் இருக்கிறது.

துணி பேனருக்கும், டிஜிட்டல் பேனருக்கும் தனிக் கணக்கு. அனுமதி வாங்க வேண்டும், ஆறு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது, அனுமதி எண்ணையும் எந்தத் தேதி வரைக்கும் என்பதையும் பேனரிலேயே அச்சடிக்க வேண்டும். அடுத்த முறை கல்யாண பேனரோ கட்சி பேனரோ கண்ணில் பட்டால், மாப்பிள்ளை முகத்தை விட்டுவிட்டுக் கீழே அந்த எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.

இந்த விதிகளெல்லாம் எதற்கு என்று கேட்டால், பலகை விழும், ஆள் சாவார்கள், அதற்குத்தான். 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்துபோனார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி பக்கம், பலகைக்கான இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் போனார்கள். மறு வருஷம் மே மாதம் மும்பை காட்கோபர். அங்கே மாநகராட்சி அனுமதிக்கிற உச்ச அளவு 40-க்கு 40 அடி, நின்றதோ 120-க்கு 120. ஒரு புழுதிக்காற்றில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அப்படி ஒன்று நடந்தவுடன் நாங்கள் எல்லோரும் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடுவோம். அது சரிதான், ஓடத்தான் வேண்டும். ஆனால் டேப் அளப்பது அகலத்தையும் உயரத்தையும் மட்டும். வெளிச்சத்துக்கு டேப் கிடையாது.

வெளிச்சத்துக்கு விதி இல்லையா என்றால், எழுத்தில் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒரு பெரிய புத்தகம் போட்டிருக்கிறது, கடைசித் திருத்தம் 2016. தலையணை மாதிரி இருக்கும். அதில் பத்தாவது பாகத்தில் பலகைகளுக்கென்றே ஒரு பிரிவு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை தரும் அளவுக்குப் பலகை ஒளிரக் கூடாது. அனுமதி வாங்கியிருந்தாலும் சரி, வைத்த பிறகு தொல்லை என்று அதிகாரிக்குத் தோன்றினால் மாற்றச் சொல்லலாம், எடுக்கச் சொல்லலாம். பொதுமக்களின் பாதுகாப்புக்குத் தேவையானவை போக, மற்ற மின் பலகைகள் நள்ளிரவிலிருந்து சூரியன் உதிக்கும்வரை எரியவே கூடாது. அட, இவ்வளவு இருக்கிறதா என்று நினைப்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டி நூல், உள்ளாட்சி தன் விதியில் சேர்த்துக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும். அப்படியே சேர்த்தாலும் யார் போய்ப் பார்ப்பது? எங்கள் ஆபீஸ் காலை பத்து மணிக்குத் திறந்து ஐந்தே முக்காலுக்கு மூடுகிறது.

இதற்கு ஒரு கதை சொல்கிறேன். தெற்கே ஒரு நகராட்சி, ஊர்ப் பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் மனு கொடுத்தார். எதிரே நகைக்கடையில் எல்.இ.டி. பலகை போட்டதிலிருந்து மாடியில் தூங்க முடியவில்லை என்று. பகலில் போனேன், அளந்தேன். அளவு சரி, ரசீது சரி, சாரத்துக்குப் பொறியாளர் சான்று உண்டு. "எல்லாம் முறையா இருக்கு சார்" என்றேன். வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, சாப்பிட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வாங்க" என்றார்.

போனேன். ஹாலில் விளக்குப் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலில் பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தார், அதையும் மீறி சுவர் சிவப்பாகிறது, நீலமாகிறது, பச்சையாகிறது. காலண்டரில் ராகுகாலம் எமகண்டம் வரைக்கும் படிக்க முடிந்தது. மூலையில் பேரப்பிள்ளை கண்ணுக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். கடையோ ஒன்பதரைக்கே ஷட்டரை இறக்கிப் பூட்டியாயிற்று. தெருவில் நாயைத் தவிர ஆளில்லை. யார் வாங்குவதற்காக அந்த நெக்லஸ் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் கடை முதலாளியிடம் போனேன். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்துவிட்டது. "எங் கடைக்கு மேலதான போட்டிருக்கேன், அவரு வீட்டுக்குள்ளயா போட்டேன்?" என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் கேட்டது நியாயம். எங்கள் கோப்பில் அந்தப் பலகை கடைக்கு மேலேதான் இருந்தது. நான் வாதாடவில்லை. "அண்ணாச்சி, ராத்திரி ஒரு பத்து நிமிஷம் எங்கூட வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துரலாம்" என்றேன்.

வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ச் சுவரில் முருகன் படம், கண்ணாடி போட்டது. அந்தக் கண்ணாடியில் அவருடைய கடைப் பெயர் இடம் வலமாகத் திரும்பி, முருகன் முகத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சட்டென்று எழுந்துவிட்டார். "ஏ, சாமி மேலல்லா ஓடுது!" என்றார். அங்கேயே நின்று பலகை போட்டவருக்குப் போன் அடித்தார். அவர் தூக்கக் கலக்கத்தில் சொன்னது, "அதுல வெளிச்சத்தக் குறைக்கலாமே, டைமும் வைக்கலாம், நீங்க கேக்கலியே." திறப்பு விழா அன்று உச்சி வெயிலில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று முழு வெளிச்சத்தில் வைத்தது, அப்படியே கிடந்திருக்கிறது. அதற்கப்புறம் ஆறு மணிக்கு மேல் மங்கும், கடை சாத்தியதும் அணையும். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. மின்சாரக் கட்டணம்தான் குறைந்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, படம் போடாமலே சொல்லலாம். பலகையின் பிரகாசத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பார்கள். ஒரு கேண்டெலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தி வெளிச்சம். வெயிலோடு போட்டி போட வேண்டுமென்றால் எல்.இ.டி. பலகைக்கு 5,000 கேண்டெலாவுக்கு மேல் வேண்டும். இருட்டிய பிறகு 300 போதும், நன்றாகவே படிக்கலாம். பகலுக்கு வைத்ததை ராத்திரியும் விட்டுவைத்தால் தேவைக்குப் பதினைந்து மடங்குக்கு மேல் கொட்டுகிறோம். அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. என் ஆபீசில் நான் அதைப் பார்த்ததில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரியும். மழை ராத்திரி, கண்ணாடியெல்லாம் தண்ணீர், எதிரே நாலைந்து சிவப்பு. எது சிக்னல், எது மருந்துக்கடை? சிவப்பு, மஞ்சள், பச்சையில் ஒளிரும் பலகை போக்குவரத்து விளக்கிலிருந்து 10 மீட்டருக்குள் வரக் கூடாது என்று அதே தலையணைப் புத்தகம் சொல்கிறது. இதையும் பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரும்பச் சொல்கிறேன் பாருங்கள், ராத்திரிதான் போக வேண்டும்.

ஒரு பலகைக்கு எத்தனை ஆபீஸ் என்று கேட்டால் மலைத்துப்போவீர்கள். அளவுக்கு உள்ளாட்சி. நெடுஞ்சாலை ஓரமென்றால் நெடுஞ்சாலைத் துறை. போக்குவரத்துக்குக் காவல்துறை. பெயர்ப்பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, மற்ற மொழி இரண்டு என்கிற விகிதத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. வெளிச்சத்துக்கு யார்? ஆளுக்கு ஆள் அடுத்த மேசையைக் கைகாட்டுவார்கள்.

வெளிநாட்டில் சிலர் ஒரேயடியாகத் துணிந்திருக்கிறார்கள். பிரேசிலில் சாவ் பாலோ நகரம் 2007-ல் வெளிப்புற விளம்பரத்தையே தடை செய்தது. பிரான்ஸில் இரவு ஒரு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒளிரும் விளம்பரங்களை அணைத்துவிட வேண்டும் என்று 2022-ல் நாடு முழுக்க ஆணை போட்டார்கள், விமான நிலையம் போன்ற சில இடங்கள் தவிர. நமக்குச் சாவ் பாலோ அளவுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பலகை எழுதியும் மாட்டியும் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரான்ஸ்காரர் செய்ததைச் செய்யலாம், அதற்குப் பணம் காசு வேண்டியதில்லை.

கடற்கரை விளக்குகளையும் ஆமைக்குஞ்சுகளையும் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டுவந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத் தம்பி கையைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது கடல், இப்போது அது ரோடு. மிச்சத்தை வேறொரு நாள் பார்ப்போம்.

மனு கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. எத்தனை மணிக்கு, எந்த அறையில் வெளிச்சம் விழுகிறது என்று தெளிவாக எழுதுங்கள், அந்த நேரத்துக்கே வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சென்னைக்காரர்களுக்கு மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண் 1913 இருக்கிறது, மற்ற ஊர்களில் ஆணையர் பெயருக்கு எழுதி, நகலில் மறக்காமல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.