ஐஎஸ்ஓ கோப்புக்குள் என்னென்ன மென்பொருள் இருக்கிறது? பூட் செய்வதற்கு முன்பே பார்க்கலாம்

வணக்கம். யாங்கோனில் ஒரு கோயில் மாடியில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அங்கிருந்த பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்துக்குள், கைப்பேசி டேட்டாவில் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவும் வட்டின் முழு நகலான ஒற்றைக் கோப்பை, பென் டிரைவில் எழுதி நிறுவி முடித்துப் பாடக்கோப்பைத் திறந்தபோது, தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. தமிழ் எழுத்துருவே அதில் இல்லை. நிறுவுவதற்கு முன்பே, ஏன், இறக்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

(திரையில்: உபுண்டு பதிவிறக்கத் தளத்தின் கோப்புப் பட்டியல்)

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் பதிவிறக்கத் தளத்தில், ஐஎஸ்ஓ கோப்புக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், மேனிஃபெஸ்ட் என்று முடியும் சிறிய உரைக்கோப்பு ஒன்று இருக்கும். 24.04 டெஸ்க்டாப் பதிப்பின் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 6 ஜிபி. இந்த உரைக்கோப்போ கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவுகூட வராது. வரிக்கு ஒரு பேக்கேஜின், அதாவது நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பின், பெயரும் அதன் பதிப்பெண்ணும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் போலச் சில மென்பொருள்கள் ஸ்னாப் என்ற தனி வகைத் தொகுப்பாக வருவதால், அவற்றின் வரி ஸ்னாப் என்ற சொல்லோடு தொடங்கும்.

(திரையில்: பட்டியலில் தேடல்)

தேடும் சொல்லில் கவனம் வேண்டும். லோஹித் தமிழ் எழுத்துருவின் பேக்கேஜ் பெயரில் தமிழ் என்பது டி, ஏ, எம், எல் என்ற நான்கே ஆங்கில எழுத்துகளாக இருப்பதால், ஐந்தெழுத்தில் தேடினால் அது அகப்படாது. நோட்டோ கோர் என்ற பேக்கேஜின் பெயரில் எந்த மொழியும் இல்லை. ஆனால் அதற்குள் தமிழ், பர்மியம் இரண்டுக்குமே எழுத்துரு உண்டு. 2019 அக்டோபரில் மியான்மர், ஸௌஜி என்ற பழைய பர்மிய எழுத்துருக் குறியீட்டை விட்டு, உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது என்பதால், பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களுக்கும் யூனிகோடு எழுத்துரு இருக்கிறதா என்று சேர்த்தே பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற பேக்கேஜைத் தேடுங்கள்.

ஐஎஸ்ஓ ஏற்கெனவே கையில் இருந்தால், அதை மவுண்ட் செய்து கோப்புறை போலத் திறக்கலாம். விண்டோஸ் 10 கணினியில் இருமுறை கிளிக் செய்தாலே போதும். லினக்ஸ் மின்ட் என்ற வகையில் காஸ்பர் என்ற கோப்புறையிலும், டெபியன் என்ற வகையின் லைவ் கோப்பில் (நிறுவாமலே இயக்கிப் பார்க்கக்கூடியது) லைவ் என்ற கோப்புறையிலும் இதே பட்டியல் இருக்கிறது. பட்டியல் இல்லாவிட்டால், பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பைத் தேடுங்கள். லைவ் கோப்புகளில் நிறுவப்படவிருக்கும் இயக்குதளம் பெரும்பாலும் அதற்குள்தான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. டெபியன் வழி வந்தவற்றில், அதிலிருந்து, பேக்கேஜ் கணக்கை வைத்திருக்கும் டீபிகேஜி கோப்புறையின் ஸ்டேட்டஸ் கோப்பை மட்டும் பிரித்தெடுத்தால் எல்லாப் பேக்கேஜ்களின் விவரமும் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டெபியன் டிவிடி ஐஎஸ்ஓவில் பூல் என்ற கோப்புறைக்குள் ஒரு பேக்கேஜ் இருந்தால், அது நிறுவுவதற்குத் தயாராக இருக்கிறது என்றுதான் பொருள். தானாக நிறுவப்படும் என்று பொருளல்ல. நெட்இன்ஸ்ட் என்ற சிறிய நிறுவல் ஐஎஸ்ஓவில் அடிப்படை மட்டுமே இருப்பதால், டெஸ்க்டாப் முழுவதையும் இணையத்திலிருந்துதான் இழுக்கும். டேட்டாவுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் நமக்கு அது பெரிய வேறுபாடு.

(திரையில்: பழைய மடிக்கணினியின் வைஃபை அட்டை)

வைஃபை அட்டை இயங்கத் தேவையான உள்மென்பொருளான ஃபர்ம்வேரையும் பாருங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்க்கப்படுகிறது. ஆனால் பிராட்காம் நிறுவனத்தின் பழைய பி43 வகை அட்டைகளுக்கு அங்கே இருப்பது ஓர் இன்ஸ்டாலர் பேக்கேஜ் மட்டுமே. உண்மையான ஃபர்ம்வேரை அது இணையத்திலிருந்துதான் இறக்கும். எங்கள் வகுப்பில் ஒரு மடிக்கணினி அந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்ததால், அடுத்த ஞாயிறு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதை இறக்கிக்கொண்டேன். லோஹித் தமிழ் எழுத்துருவின் டெப் கோப்பு (நிறுவுவதற்கான பேக்கேஜ் கோப்பு) இரண்டாவது பென் டிரைவில் தயாராக இருந்தது.